பயம், எண்பத்தைந்து

வோருவிலிருந்து ரேப்பினாவுக்கு
முக்கால் மணி நேரப் பாதை.
போன டிசம்பரில் என் கணவன் ஐனார்
அதை நான்கு மணி நேரத்தில் கடந்தான்.

பனி அடியிலிருந்து தூக்கிவிட்ட தார்ச்சாலை.
சக்கரம் ஒரு தடவை குலுங்கும்.
மற்றவர்களுக்கு அது மேடு.
அவனுக்கு அது ஓர் ஆள்.
வண்டியைத் திருப்புவான், இறங்குவான்,
பள்ளத்துக்குள் டார்ச் அடிப்பான்,
பனியில் தன் காலடித் தடத்தையே பார்த்து
யாருடையதோ என்று நடுங்குவான்.
திரும்பி வருகையில் அதே மேடு மறுபடி குலுக்கும்.
அப்படியானால் இன்னோர் ஆள்.

பின்னால் நாற்பது கறுப்பு ரொட்டி
ஆறிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கேட்பான்:
"மாயிரே, நான் யாரையும் இடித்திருக்க மாட்டேன், இல்லையா?"
மாட்டாய், என்பேன்.
"நிச்சயமா?"
நிச்சயம்.
ஒரு நாளைக்கு முப்பது நிச்சயம்
சுடச்சுடக் கொடுத்தேன்,
பேக்கரியில் நான் சுடுவதைவிட வேகமாக.
ஒன்றும் அவன் வயிற்றில் தங்கவில்லை.

தார்த்துவில் லீலோ என்றொரு பெண், மனநலச் சிகிச்சையாளர்,
அன்று அவளுக்குக் கடும் ஜலதோஷம்,
மூக்கைத் துடைத்துக்கொண்டு
முதலில் என்னிடம்தான் சொன்னாள்:
"நீங்கள் தரும் ஒவ்வொரு நிச்சயமும்
சந்தேகத்துக்குத் தீனி.
இனி அவர் கேட்டால்
தெரியாது என்று மட்டும் சொல்லுங்கள்."

பதினாறு வருடத் திருமணத்தில்
அவ்வளவு கல்நெஞ்சுச் சொல்லை நான் சொன்னதில்லை.
முதல் இரவு அவன் அழுதான்.
நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அவனுக்குத் தந்த வேலை இன்னும் எளிது, இன்னும் கொடிது.
ஓட்டு. குலுங்கட்டும். திரும்பாதே.
மனம் "ஆள்!" என்று கத்தினால்
கத்துகிறது என்று கவனி.
வாதாடாதே, விரட்டவும் செய்யாதே.
ஸ்டியரிங்கின் குளிர், வைப்பரின் முனகல்,
முதுகுக்குப் பின்னே ரை மாவின் புளித்த வாசம்,
இவை இருக்கிற இடத்தில் நீயும் இரு.
பயத்துக்கு நூற்றில் ஓர் எண் போடு.
இறங்குகிறதா பார்.
இறங்காவிட்டாலும் ஓட்டு.

டெலிவரிச் சீட்டின் ஓரத்தில் எழுதினான்.
ரை நாற்பது. வெள்ளை பன்னிரண்டு. பயம் எண்பத்தைந்து.
கடைக்காரி ஒருத்தி போன் செய்து
அந்த எண்பத்தைந்து மட்டும்
தனக்கு வந்து சேரவில்லை என்றாள்.
அன்று சிரித்தான். எத்தனை மாதம் கழித்து.

எண்பது. தொண்ணூறு, அன்று மூடுபனி.
அறுபது. மறுபடி எண்பது.
பள்ளி திறந்த திங்கட்கிழமை எண்ணே இல்லை,
பேனா காகிதத்தைக் கிழித்த ஓட்டை மட்டும்.
ஒரு தடவை ஏமாற்றினான்:
வண்டியைத் திருப்பவில்லை, ஆனால்
பத்திரிகையின் விபத்துச் செய்திகளை
மூன்று முறை படித்தான்.
லீலோவிடம் அதையும் சொன்னான்.

நேற்று வெளிச்சம் போவதற்குள் வந்துவிட்டான்.
சூப் குடிக்க உட்கார்ந்தான்.
"ஏரித் திருப்பத்தில் பெரிசாக ஒரு குலுக்கல்" என்றான்.
கரண்டியும் கையுமாக
அந்தக் கேள்விக்குக் காத்திருந்தேன்.
ரொட்டியைப் பிட்டுத் தோய்த்தான்.
"நாற்பத்தைந்து" என்றான்,
"சூப்பில் உப்பு கம்மி."

தூங்கியும்விட்டான்.
எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.
கோட்டை மாட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன்.
வண்டியின் முன்பக்கம் பனி விழுந்துகொண்டிருந்தது.
பம்பரைக் கையால் ஒரு வழி வழித்தால் போதும்.

கையுறையைக் கழற்றினேன்.
விரல் குளிர்ந்தது. குளிர்கிறது என்று கவனித்தேன்.
எழுபது இருக்கும், என்று சொல்லிக்கொண்டேன்.
பனி பம்பரை முழுதாக மூடும்வரை
அங்கேயே நின்றேன்,
கை கோட்டுப் பைக்குள்.